டெபாசிட் போடும் முன் அர்புத்நாட்டை நினையுங்கள்

இந்த வருஷத்தில் என்னிடம் வந்த நான்காவது டெபாசிட் ரசீது இது. போன வாரம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதை என் மேசையில் வைத்து, "சார், ஆறு மாசமா வட்டி வரலை, ஃபோனும் எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். பணிக்கொடையும் பிஎஃப்பும் சேர்த்துப் போட்ட பணம். ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தார்கள். எந்த நம்பிக்கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அப்பா காலத்துக் கம்பெனி சார். சொந்தக் கட்டடம் வேற."

ஆடிட்டராக நான் கேட்கவே விரும்பாத பதில் இது. அதுவும் சென்னையில் இருந்துகொண்டு!

1906-இல் இந்த ஊரில் பாரி, பின்னி, அர்புத்நாட் என்று மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அர்புத்நாட் ஏறக்குறைய நூறு வருஷத்துக் கம்பெனி. அதன் தலைவர் ஜார்ஜ் அர்புத்நாட் சர் பட்டம் பெற்றவர். மாதச் சம்பளக்காரர்கள்கூட நம்பிப் பணம் போட்டார்கள். அது ஒரு கூட்டாண்மை நிறுவனம், கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. லண்டனில் அதன் தொடர்பு நிறுவனத்தை நடத்திய மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பணத்தை இறக்கிக்கொண்டிருந்தது இங்கே டெபாசிட் போட்டவருக்கு எப்படித் தெரியும்? அக்டோபரில் அவர் ரயில் முன் விழுந்து இறந்தார். இரண்டொரு நாளில், 22-ஆம் தேதி திங்கட்கிழமை, மதராஸ் அலுவலகமும் மூடிக்கொண்டது. ஜார்ஜ் அர்புத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் ஓர் ஓய்வூதியக்காரரின் சேமிப்பாவது முழுசாகத் திரும்பியதா?

பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. நகரத்தின் நிதி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பெருமையோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அர்புத்நாட்டின் கணக்குப் புத்தகத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. கட்டடத்தின் வயதும் பெயரின் வயதும் ஒருவருக்கும் எதையும் சொல்லவில்லை. உள்ளே பணம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம், அதைப் பார்க்க யாருக்கும் வழி இல்லாமல் இருந்தது.

அன்று அர்புத்நாட்டில் பணம் போட்டவர்கள் போய்க் கேட்க ஓர் இடம் கிடையாது, ரிசர்வ் வங்கியே 1935-இல்தான் வந்தது. உங்களுக்கு இருக்கிறது. தயவுசெய்து கேளுங்கள்.

கம்பெனிப் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பதால் டெபாசிட் வாங்க அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. ஜிஎஸ்டி எண்ணும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களிலும் பலவற்றுக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இல்லை, பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது. அனுமதி உள்ளவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. அதற்கு மேல் ஒருவர் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், மரியாதைக்காகக்கூட உட்கார வேண்டாம். வங்கி டெபாசிட்டுக்கு 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில், வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது.

சரி, ஏற்கெனவே போட்டாயிற்றா? "புதுப்பித்துத் தருகிறோம்" என்று ஏஜென்ட் கேட்டால் அசல் ரசீதைக் கையில் கொடுக்காதீர்கள். வட்டி நின்ற மாதமே காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். டெபாசிட்தாரர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, நிறுவனத்தின் சொத்தை முடக்க அதில் இடம் உண்டு. சொத்தை விற்று முடித்த பிறகு போனால் முடக்க என்ன இருக்கும்?

அந்த ஆசிரியை, புகார் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொண்டு பணம் தராமல் போய்விடுவார்களோ என்று பயந்து ஆறு மாதம் காத்திருந்திருக்கிறார். நாளைக் காலை அவரோடு நானும் போகிறேன்.