நுவார்: கறுப்பா, இருளா?

திரைப்பட விமரிசனங்களில் இன்று குற்றப்பட வகை ஒன்றின் பெயராகத் தாராளமாகப் புழங்கும் 'நுவார்' என்ற சொல்லைத் தமிழில் எழுதத் தொடங்கும்போதே ஓர் இடர் வருகிறது. பிரெஞ்சுக்காரர் நகரத்தையும் வகரத்தையும் ஒட்டி, ஏறக்குறைய 'ந்வார்' என்று ஒலிப்பார்கள். தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்பதால், இடையில் ஓர் உகரத்தைச் சேர்த்து 'நுவார்' என்று எழுதுவது நம் மரபுக்கு இசைந்தது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஒலிபெயர்ப்பவர்கள் 'நோயர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'நோயர் திரில்லர்' என்று படிக்கும் தமிழ் வாசகர் அதை மருத்துவமனைப் படம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நோயர் என்றால் நோயுற்றவர் என்பதே தமிழ்ப் பொருள்.

பிரெஞ்சு மொழியில் 'நுவார்' மிகச் சாதாரணமான சொல். 'கறுப்பு' என்பதற்கு மேல் அதற்கு அகராதியில் பெருமை எதுவும் இல்லை. கறுப்பைக் குறிக்கும் 'நீகெர்' என்ற இலத்தீன் சொல்லே தேய்ந்து இந்த வடிவத்தை அடைந்தது. பாழடைந்த கோட்டையும் ஆவியும் வரும் ஆங்கிலத் திகில் நாவல்களைப் பிரெஞ்சுக்காரர் நெடுங்காலமாகவே 'ரோமான் நுவார்', அதாவது கறுப்பு நாவல், என்று சொல்லிவந்தனர். 1945இல் பாரிசின் கலிமார் பதிப்பகத்துக்காக மார்செல் துஹாமெல் ஒரு குற்றக்கதை வரிசையைத் தொடங்கியபோது, கவிஞர் ழாக் பிரெவேர் அதற்குச் 'செரீ நுவார்', கறுப்பு வரிசை, என்று பெயர் சூட்டினார். மஞ்சள் எழுத்தும் கறுப்பு அட்டையுமாக வந்த அந்த நூல்கள், சொல்லைத் தெருவோரப் புத்தகக் கடை வரைக்கும் கொண்டுசேர்த்தன. இத்தாலியில் இதே வேலையை மஞ்சள் அட்டை செய்ததால், அங்கே துப்பறியும் கதைக்கு 'ஜல்லோ', அதாவது மஞ்சள், என்றே பெயராயிற்று. நம்முடைய மஞ்சள் பத்திரிகைக்கும் இதற்கும் உறவில்லை.

சொல் திரைப்படத்துக்குத் தாவியதில் போருக்குப் பங்கு உண்டு. 1940 முதல் 1944 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில் புதிய அமெரிக்கப் படங்களைப் பார்க்க வழியில்லை. போர் முடிந்தபின், 1946 கோடையில், 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'லாரா' போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. ஆண்டுக்கொன்றாக வந்திருந்தால் தனித்தனிப் படங்களாகவே தெரிந்திருக்கும். மொத்தமாக வந்ததால் அவற்றுக்கிடையே ஒரு குடும்பச் சாயல் இருப்பது விமரிசகர்களின் கண்ணில் பட்டது. நீனோ ஃபிராங்க் அந்த ஆகஸ்டில் எழுதிய கட்டுரையில் அவற்றை 'ஃபிலிம் நுவார்' என்றார். அதற்கு முன்பே, 1930களின் இறுதியில், சில பிரெஞ்சுப் படங்களை இகழ்வதற்குப் பாரிசுப் பத்திரிகைகள் இதே தொடரைப் பயன்படுத்தியிருந்தன என்பதால், முழுச் சிறப்பையும் ஃபிராங்குக்கே கொடுத்துவிட முடியாது. வசை வகைப்பெயரானது அவர் காலத்தில் என்று சொல்லலாம். அமெரிக்காவில் அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கோ தாங்கள் எடுப்பது நுவார் என்று தெரியாது; குற்றப்படம், மெலோடிராமா என்றுதான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர் போன்று ஹிட்லருக்குத் தப்பி வந்த இயக்குநர்கள், ஜெர்மானியத் திரையில் வளர்ந்திருந்த கோணல் நிழல்களையும் கூடவே கொண்டுவந்திருந்தனர்.

ஆகவே கொலை நடக்கும் படமெல்லாம் நுவார் அல்ல. துப்பறியும் படத்தில் உண்மை வெளிப்பட்டதும் உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும். நுவாரில் அப்படித் திரும்ப ஒழுங்கு எதுவும் மிச்சமிருக்காது. நாயகனும் குற்றத்தின் ஓரத்திலாவது நிற்பான்; ஆசையோ பேராசையோ அவனை ஓர் அடி எடுத்துவைக்கச் செய்யும், அதன்பின் ஒவ்வோர் அடியும் முந்தையதை மறைப்பதற்காகவே எடுத்துவைக்கப்படும். விளக்கைக் குறைத்துப் படம்பிடிப்பது இந்த நிலைக்குப் பொருந்திய புற அடையாளம் மட்டுமே.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் முதலில் வாயில் வருவது 'கறுப்புப் படம்'. நேர்ப்பொருள் அதுதான், பழந்தமிழும் அதற்குத் துணைநிற்கிறது. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்லும். அந்த இரண்டு சொற்களும் சினத்தைக் குறிப்பன, அவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அடுத்த நூற்பா. நமக்கு இன்று நிறமாகவே தெரியும் சொல்லைத் தொல்காப்பியர் உணர்ச்சியிலிருந்து தொடங்குகிறார் என்பது வியப்புக்குரியது. இப்போதும் அந்த உணர்ச்சி முற்றிலும் மறையவில்லை. ஒருவரிடம் நாம் ஏதோ சொல்ல, அவர் 'முகம் கறுத்துப்போனது' என்கிறோம். பழிவாங்கக் காத்திருப்பவனைக் 'கறுவிக்கொண்டிருக்கிறான்' என்கிறோம். நுவாருக்கு வேண்டிய வன்மம் முழுவதும் இந்தக் 'கறு' என்ற அடியில் இருக்கிறது. இடையினத்தில் 'கருப்பு' என்று எழுதினால் பழைய அகராதிகளில் அது பஞ்சத்தைக் குறிக்கும் என்பதால், இந்த இடத்தில் வல்லின றகரமே வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 'கறுப்புப் படம்' நிலைக்காது என்பது என் எண்ணம். பேச்சில் அது உடனே 'கறுப்பு வெள்ளைப் படம்' என்பதோடு குழம்பிவிடும். கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்ற வரிசையில் சேர்ந்து, கள்ளத்தனமாக எடுத்த படமோ என்ற ஐயத்தையும் தரும். தோலின் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் வழக்கம் இன்னும் ஒழியாத ஊரில், கேட்டை எல்லாம் கறுப்பு என்ற சொல்லின்மேல் ஏற்றுவதும் எனக்கு உவப்பானதாக இல்லை. 'நிழல்' என்ற சொல் அழகாகத்தான் இருக்கிறது, நிழல் உலகம் என்ற வழக்கும் உண்டு. ஆனால் நிழற்படம் என்றால் புகைப்படம் என்று முன்பே முடிவாகிவிட்டது. 'இருண்மை'யை நவீன கவிதையின் பொருள் விளங்காத் தன்மைக்காகத் திறனாய்வாளர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எஞ்சுவது 'இருள்'. அதைச் சோதிப்பதற்கு, பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கும் ஒரு நுவார் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீராம் ராகவன் இயக்கி 2018 அக்டோபரில் வெளியான 'அந்தாதுன்' என்ற இந்திப் படம் அப்படிப்பட்டது. புனே நகரம், நல்ல வெளிச்சம், வசதியான அடுக்குமாடி வீடு, கே. யு. மோகனனின் ஒளிப்பதிவில் பழைய ஹாலிவுட் பாணிச் சந்துகளையும் சன்னல் கம்பி நிழல்களையும் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆயினும் அதை நுவார் என்று சொல்லத் தயங்குபவர் அரிது. அப்படியானால் அந்தப் படத்தில் இருள் எங்கே இருக்கிறது?

தலைப்பிலேயே இருக்கிறது. இந்தியில் 'அந்தாதுந்த்' என்றால் கண்மண் தெரியாமல், கண்மூடித்தனமாக என்று பொருள். அந்தா என்பது குருடு, துந்த் என்பது மூடுபனி போன்ற மங்கல். படத்தின் பெயரில் கடைசி ஒலியை வெட்டிவிட்டதால் 'துந்த்' 'துன்' ஆகிவிட்டது; துன் என்றால் மெட்டு. இந்துஸ்தானிக் கச்சேரியின் முடிவில் புல்லாங்குழல்காரர் வாசிக்கும் இலகுவான உருப்படிக்கும் அதுவே பெயர். குருட்டுத்தனமும் குருடனின் மெட்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. துன் என்ற சொல் வடமொழித் 'த்வனி'யிலிருந்து வந்தது. நாம் 'பேச்சின் தொனி' என்கிறோமே, அந்தத் தொனிக்கும் மூலம் அதுவே.

கதையின் நாயகன் ஆகாஷ் பியானோக் கலைஞன். பார்வை உள்ளவன், ஆனால் பார்வையற்றவனாக நடிக்கிறான். பழைய இந்தி நடிகர் ஒருவர் தம் மணநாளுக்காக அவனைத் தம் வீட்டில் வாசிக்க அழைக்கிறார். அவன் போகும்போது அவர் பிணமாகக் கிடக்கிறார். அவருடைய மனைவி சிமி கதவைத் திறந்து, எதுவுமே நடக்காததுபோல் அவனை உள்ளே அழைத்து, பியானோவின் முன் அமர்த்துகிறாள். அவன் வாசிக்கத் தொடங்குகிறான், தரையில் கிடக்கும் உடல் அவன் கண்ணில் படுகிறது. குருடன் என்று நம்பியதால் சிமியும் அவளுடைய கள்ளக்காதலனும் அவன் எதிரிலேயே கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டு, பிணத்தைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்கள். அறையில் பியானோவின் ஒலியும், அவ்வப்போது இசையைப் பற்றிய நாகரிகமான இரண்டொரு பேச்சும் மட்டுமே. வாசிப்பு ஒரு கணம் தடுமாறினாலும் அவன் பார்த்துவிட்டான் என்பது வெளிப்பட்டுவிடும். அவன் உயிர் விரல்களின் தாளத்தில் தொங்குகிறது.

ஆகாஷாக வரும் ஆயுஷ்மான் குரானாவின் நடிப்பை எடைபோட இந்த ஒரு காட்சி போதும். இந்திய நடிப்பு மரபு கண்ணையே நம்பியிருப்பது. கூத்திலிருந்து நடனம் வரை, முகத்தில் மற்றதெல்லாம் கண்ணுக்குப் பின்னால்தான். அந்தக் கருவியைக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னே பூட்டிவைத்துவிட்டு அவர் நடிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கிறார், பார்த்ததைக் காட்டக்கூடாது. காட்டாமல் இருப்பதை மட்டும் நமக்குக் காட்ட வேண்டும். கழுத்து ஒரு நூல் அளவு விறைக்கிறது, தோள் இறங்க மறுக்கிறது, ஆனால் விரல்கள் மட்டும் தம் போக்கில் போய்க்கொண்டே இருக்கின்றன. தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். குருடனைப்போல் நடிப்பவனைத் திடுக்கிடச் செய்யவும் முடியக்கூடாது என்பதே இங்கு அவருக்கிருக்கும் நிபந்தனை. பாடகராகவும் வானொலித் தொகுப்பாளராகவும் இருந்து நடிக்க வந்தவர் என்பதால் இசைக்கலைஞனின் உடல்மொழி அவருக்கு அந்நியமாக இல்லை. பியானோவை இந்தப் படத்துக்காகவே பயின்றார். 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருதை விக்கி கௌஷலுடன் அவர் பகிர்ந்துகொண்டார். சிமியாக வரும் தபுவுக்கும் அந்த ஆண்டு ஒரு விருது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் பழைய மனக்குறை.

இசையின் இடமும் வழக்கமானதன்று. பாடல்களுக்கு அமித் திரிவேதி, பின்னணிக்கு டேனியல் பி. ஜார்ஜ். நுவார் படங்களில் இசை பொதுவாக வெளியிலிருந்து வந்து நிழலுக்கு நிழல் சேர்க்கும். இந்தியப் படங்களில் அது கிளப்புப் பாடலாக உள்ளே வந்தது. 1951இல் குரு தத் இயக்கிய 'பாஸி'யில் எஸ். டி. பர்மனின் இசையில் கீதா தத் பாடியவை அதற்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு. தமிழில் எஸ். பாலசந்தர் அதற்கு நேர்மாறான முடிவை எடுத்தார். சென்னையில் குண்டு விழுந்த 1943ஐப் பின்புலமாகக் கொண்டு, சிவாஜி கணேசனை நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியாளராக நடிக்கவைத்து, 1954இல் அவர் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. வீணை வித்வான் ஒருவர் எடுத்த படம் அது என்பதை நினைத்தால், பாட்டை விலக்கியதும் ஓர் இசைஞானம்தான் என்று தோன்றும். 'அந்தாதுன்' இரண்டு வழியிலும் போகவில்லை. இங்கே இசை நாயகனின் தொழில், அவன் அணிந்திருக்கும் முகமூடி, கொலையாளிகளுக்குக் கிடைத்த திரை. இறந்த நடிகராக வரும் அனில் தவன் 1970களில் உண்மையிலேயே நாயகனாக இருந்தவர். அவருடைய பழைய பாடல்கள் படத்துக்குள் ஒலிக்கின்றன. தூர்தர்ஷனின் பழைய பாடல் நிகழ்ச்சிகளான சித்ரஹாருக்கும் சாயா கீத்துக்கும் படம் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. சாயா என்றால் நிழல்.

இந்தப் படத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, குறைந்தது காட்சிதான் என்று கண்டுகொண்டால் 'கறுப்பு' ஏன் போதவில்லை என்பது விளங்கும். கறுப்பு ஒளியில் தெரியும் ஒரு நிறம். இருளோ பார்ப்பவனுக்கும் பொருளுக்கும் நடுவே நிகழ்வது. மயக்கம் வந்தால் 'கண்ணை இருட்டுகிறது' என்போம், செய்தியை மறைத்தால் 'இருட்டடிப்பு' என்போம். இரண்டிலும் சூரியனுக்குக் குறைவொன்றும் இல்லை. 'இருள்நீங்கி இன்பம் பயக்கும் மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு' என்று மெய்யுணர்தலில் வள்ளுவர் இருளையும் மருளையும் காட்சியையும் ஒரே குறளில் கோக்கிறார். மருள் நீங்காமல், மாசுற்ற காட்சியோடு, இருளிலேயே நிற்பவர்களின் கதைதான் நுவார்.

ஆகவே 'இருட்படம்' என்பது என் பரிந்துரை. அருளும் பாவும் சேர்ந்து அருட்பா ஆவதுபோல, இருளும் படமும் சேர்ந்தது. திரைப்படம், குறும்படம் என்ற வரிசையில் ஒலியும் பொருந்துகிறது. பண்பைக் குறிக்க 'இருட்பட நடை' என்றும், நாவலுக்கு 'இருட்கதை' என்றும் நீட்டலாம். பிற்கால 'நியோ நுவார்' என்பதற்குப் 'புதிய இருட்படம்' என்று இரண்டு சொல்லாகவே எழுதுவது நல்லது. 'புத்திருட்படம்' என்று புணர்த்தினால் புத்திக்குத்தான் இருட்டு என்று படிக்க நேரும். வரலாற்றைப் பேசும் இடத்தில் 'நுவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லையே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

'அந்தாதுன்' 2024 ஆகஸ்டில் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் நடித்து, தமிழுக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் 'அந்தகன்'. வடமொழியில் குருடனைக் குறிக்கும் அந்தகன் வேறு, முடிவைத் தருபவன் என்ற பொருளில் எமனைக் குறிக்கும் அந்தகன் வேறு. இரண்டுக்கும் தகர ஒலி மாறும். அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டாத தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரில் நாம் பார்வையற்ற புலவரை மட்டுமே காண்கிறோம். சுவரொட்டியில் அதே சொல்லைப் பார்த்தபோது, பியானோவின் முன் உட்கார்ந்திருந்தவன் யார் என்பதில் எனக்கு ஒரு கணம் ஐயம் வந்தது.