வடதுருவக் கடற்பனியின் நகர்வும் காலநிலை மாதிரிகளும்

திருகோணமலையில் கரையோர மக்களுக்குக் காலநிலை எதிர்வுகூறல்களை விளக்கும் கூட்டங்களில், வடதுருவக் கடற்பனி உருகினால் கொட்டியாரக் குடாவில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்ற கேள்வி தவறாமல் எழும். மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் நேரடியாக உயர்வதில்லை. கடல்மட்ட உயர்வுக்குப் பிரதான காரணங்கள் தரைமேல் உள்ள பனி உருகுவதும், வெப்பத்தால் கடல்நீர் விரிவதுமே. ஆயினும், சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்யும் கடற்பனி குறையும்போது புவி மேலும் சூடாகிறது என்பதால், காலநிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள் அதன் பரப்பை மட்டுமன்றி நகர்வையும் சரியாகக் காட்ட வேண்டும்.

பனி காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இழுபடுகிறது. 1893 இல் பனியில் உறையவிடப்பட்ட ஃபிராம் கப்பலில் மிதந்து சென்ற நோர்வே ஆய்வாளர் நான்சன், காற்றின் திசைக்கு வலப்புறமாகப் பனி 20 முதல் 40 பாகை வரை விலகுவதைக் கண்டார். புவிச் சுழற்சியால் ஏற்படும் இவ்விலகல் விசை, நமது 8.5 பாகை அகலக்கோட்டில் துருவத்தில் உள்ளதன் ஏழில் ஒரு பங்களவே. சோளகக் காற்றில் வள்ளம் ஓட்டுபவர் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கணிக்கக் கடினமானது பனிப்பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கும் விசை. 1979 இல் ஆய்வாளர் ஹிப்லர் முன்வைத்த முறை, பனிப்பரப்பை மெல்லப் பாயும் பிசுக்கான பொருளாகவும், அழுத்தம் எல்லை மீறும்போது விட்டுக்கொடுக்கும் பொருளாகவும் கொள்கிறது. 1997 இல் ஹன்கேயும் டுகோவிச்சும் அதை விரைவாகக் கணிக்க வழிசெய்தனர். இன்றும் பெரும்பாலான மாதிரிகள் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

பனியில் பதித்த மிதவையின் தடத்தையும் மாதிரியின் தடத்தையும் ஒரே வரைபடத்தில் இட்டால் குறை புலப்படும். மிதவை ஓரிடத்தில் தங்கி, வெடிப்பு விரிந்ததும் திடீரெனப் பாய்கிறது. மாதிரியின் கோடோ வழுவழுப்பாகச் செல்கிறது. குறுகிய அவ்வெடிப்புகளின் வழியே குளிர்காலத்தில் கடல்வெப்பம் வெளியேறுவதும் புதுப்பனி உறைவதும் கடற்பரப்பைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரியில் மங்கிவிடுகின்றன. கட்டங்களைச் சில கிலோமீற்றருக்குச் சுருக்கினால் பழைய முறையிலும் வெடிப்புகள் தோன்றும், ஆனால் கணிப்புச் செலவு பெருகும். நோர்வேயின் பேர்கன் நகரில் உருவான நெக்ஸ்ட்சிம் என்ற கடற்பனி மாதிரி, பனி நொறுங்கிய இடத்தை நினைவில் வைத்துக் கணிக்கிறது. எனக்கு இவ்வழியே அதிக நம்பிக்கை தருகிறது.

பலர், காற்று பனியை எவ்வளவு இழுக்கும் என்பதைக் குறிக்கும் இழுவைக் குணகத்தை மாற்றிப் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள் அவதானிப்போடு பொருத்திவிட்டு நிறைவடைகின்றனர். விடை சரியாக வந்தாலும் வழி பிழைத்திருக்கக்கூடும். பனி விரைவாக நகரத் தொடங்கியதை அக்கால மாதிரிகள் பெரும்பாலும் காட்டவில்லை என்று 2011 இல் வெளியான ஆய்வு சுட்டியது. நகர்வு பிழைத்தால், கிரீன்லாந்துக்கும் சுவால்பார்டுக்கும் இடையிலான ஃபிராம் நீரிணை வழியே வெளியேறும் பனியின் அளவும், கனடாவின் வடகரையில் குவியும் தடித்த பனியின் அளவும் பிழைக்கும். எனவே, ஆட்டிக் சமுத்திரம் கோடையில் பனியற்றுப்போகும் ஆண்டை ஒரு மாதிரி கூறும்போது, அதன் நகர்வு மிதவைத் தடங்களோடு ஒப்பிடப்பட்டதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.