நீரிழிவுக்கு ஐந்து இலக்குகள்: உங்கள் வகைக்கு எது பொருந்தும்?

நவம்பர் 14 வந்தால் கட்டடங்களில் நீல விளக்கு எரியும், இலவச சுகர் பரிசோதனை முகாம்கள் நடக்கும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங்கின் பிறந்தநாள் அது. 1991 முதலே உலக நீரிழிவு தினமாக அனுசரிக்கப்பட்டு வந்த இந்த நாளை, 2006 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச் சபை தன் 61/225 எண் தீர்மானத்தின் மூலம் ஐ.நா.வின் நாளாக்கியது. நீரிழிவைத் தடுக்கவும் சிகிச்சை தரவும் ஒவ்வொரு நாடும் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்று அந்தத் தீர்மானம் ஊக்குவிக்கிறது. ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான். செய்யாத அரசை யாரும் கேட்க முடியாது.

கொஞ்சம் கெட்டியான வாக்குறுதி பிறகுதான் வந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு நூறாண்டு நிறைந்த 2021-இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய நீரிழிவு உடன்பாட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் உறுப்பு நாடுகள், 2030-க்குள் எட்ட வேண்டிய ஐந்து இலக்குகளை ஏற்றுக்கொண்டன. நீரிழிவு உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். கண்டறியப்பட்டவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும், 80 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது இலக்கில் மட்டும் 80-உம் இல்லை, 60-உம் இல்லை. முதல் வகை நீரிழிவு உள்ள 100 சதவீதம் பேருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இன்சுலினும், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் வசதியும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஏன் ஒரு வகைக்கு மட்டும் இந்தக் கறார்? ஏனென்றால் அவர்களுக்கு இன்சுலின் இல்லாமல் உயிர் இல்லை.

முதல் வகையில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இனிப்புக் கொடுத்ததால் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று பெற்றோரைக் குறை சொல்வது வீண்பழி. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை திரும்ப நனைக்கிறது, இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் சில வாரங்களில் சட்டை தொளதொளக்கிறது என்றால், வளர்கிற வயது என்று விடாமல் அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் வரை போகும். பெரியவர்களுக்கும் இந்த வகை வரும். அப்போது இரண்டாம் வகை என்று நினைத்து மாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்டுவதும் உண்டு.

நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகைதான். இதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. போகப்போகச் சுரப்பும் குறையும். பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் இருக்கும் என்பதால்தான் முதல் இலக்கே கண்டறிவதைப் பற்றியது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு செய்யாமல் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். முகாமில் குத்திப் பார்த்த எண் முடிவான தீர்ப்பு அல்ல.

கர்ப்பகால நீரிழிவைப் பொதுவாக 24 முதல் 28 வாரத்துக்குள் தேடுவார்கள். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும், அதோடு எல்லோரும் குழந்தையைக் கவனிக்கப் போய்விடுவார்கள். ஆனால் பிற்காலத்தில் அந்தத் தாய்க்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்தில் ஒரு பரிசோதனை, அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று தொடர வேண்டும்.

மீதி வகைகள் அரிது. கணையம் கெட்டுப்போய் வருவது, ஸ்டீராய்டு மருந்தால் வருவது, ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது எனச் சில உண்டு. பிறந்த ஆறு மாதத்துக்குள் வந்தால் அநேகமாக மரபணுதான் காரணம். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு மாத்திரைக்கே மாற முடிகிறது. சிறுவயது ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புள்ள ஒன்றைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் ஐந்தாம் வகை என்று அறிவித்தது.

ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'எனக்கு எந்த வகை?' என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது முதல் வகை என்றால், உங்கள் அரசின் திட்டமோ காப்பீடோ இன்சுலினை மட்டும் தருகிறதா, வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பையும் சேர்த்துத் தருகிறதா என்று விசாரியுங்கள். இன்சுலின் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பை நோயாளியின் தலையில் கட்டும் திட்டம், ஐந்தாவது இலக்கில் பாதியைத்தான் நிறைவேற்றியிருக்கிறது.