தயிர் குளிர்ச்சியா? ஆயுர்வேதம் பிரித்துக் காட்டும் தயிரும் மோரும்

"உடம்பு ஒரே சூடு, அதனால் ராத்திரி தயிர்சாதம்தான்" என்று சொல்லும் பலருக்குக் காலையில் மூக்கடைப்பும் தொண்டையில் சளியும் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர்கள் நினைப்பதே இல்லை.

நாக்குக்குத் தயிர் குளிர்ச்சிதான். ஆனால் ஆயுர்வேதம் நாக்கோடு நிற்பதில்லை. உள்ளே போன பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கிறது. அதைத்தான் வீரியம் என்கிறோம். தயிர் உஷ்ண வீரியம் உள்ளது. செரித்த பின்னும் புளிப்பாகவே முடியும். வாதத்தை அடக்கும், கபத்தையும் பித்தத்தையும் ஏற்றும். செரிக்க நேரம் எடுக்கும். இதற்கெல்லாம் மேலாக அது 'அபிஷ்யந்தி', அதாவது பிசுபிசுப்பால் உடம்பின் நுண்ணிய பாதைகளை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையது.

அதனால்தான் அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் தயிருக்கு இத்தனை கட்டுப்பாடு வைக்கிறது. இரவில் கூடாது, சூடுபடுத்தக் கூடாது, தினமும் கூடாது, வசந்தம், கோடை, சரத் (மழைக்குப் பின் வரும் பருவம்) ஆகிய காலங்களில் கூடாது. சாப்பிடும்போதும் பச்சைப்பயறுச் சாறு, தேன், நெய், சர்க்கரை, நெல்லிக்காய் இவற்றில் ஒன்றாவது கூட வேண்டும். நம் வீடுகளில் அரைக்கும் நெல்லிக்காய்த் தயிர்ப் பச்சடி இந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது. நன்றாகப் பசிக்கிறவர்கள், மெலிந்தவர்கள் மதியத்தில் அரைக் கிண்ணம் இப்படிச் சாப்பிடலாம். தயிரை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒதுக்க வேண்டியது அரைகுறையாக உறைந்த தயிர். உடம்பின் பாதைகளில் இப்படித் தடையை உண்டாக்கும் பொருள்களில் முதலிடம் இதற்குத்தான் என்கிறது சரகர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. எங்கே இதைச் சாப்பிடுகிறோம்? டிபன் பாக்ஸில்தான். காலை 7 மணிக்குச் சாதத்தில் பாலை ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்து, புளிக்காமல் இருக்கட்டும் என்று கட்டிக் கொடுக்கிறோம். 10 மணி இடைவேளையில் பிள்ளை திறக்கும்போது அது பாலும் இல்லை, தயிரும் இல்லை. மூடியைத் திறந்தால் பால் வாசம் வரும், புளிப்பு இருக்காது, விரலில் எடுத்தால் கொழகொழவென்று இழுக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாதத்தில் தயிரை ஊற்றுவது அடுத்த தவறு. தயிர் திரிந்து நீர் தனியாகப் பிரிகிறது. சூடுபடுத்திய தயிரைச் சாப்பிட்டதாகவே ஆகிறது. சாதம் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். டிபனுக்குக் கட்டினால் நன்கு கடைந்த மோரை விட்டுப் பிசையுங்கள்.

தயிரிலிருந்துதானே மோர் வருகிறது, அது மட்டும் எப்படி நல்லதாகும்? உணவைத் தீர்மானிக்கும் எட்டு விஷயங்களில் 'கரணம்' என்று ஒன்றைச் சரகர் வைக்கிறார்: பக்குவம் செய்யும் முறை பொருளின் குணத்தையே மாற்றும். தயிர் வீக்கத்தை உண்டாக்கும். அதையே கடைந்தால், வெண்ணெய் எடுக்காவிட்டாலும், வீக்கத்தைத் தணிக்கும் என்பது சரக சம்ஹிதையின் உரையில் வரும் உதாரணம். ஆகவே கடைவதுதான் முக்கியம். தயிரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் கலக்கினால் அது நீர்த்த தயிர், அவ்வளவுதான். தம்ளரைக் காலி செய்த பிறகு உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தால் நீங்கள் குடித்தது மோர் இல்லை.

முழுதாக உறைந்த, அதிகம் புளிக்காத தயிர் ஒரு தம்ளர் (சுமார் 200 மி.லி.) எடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்தால் அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். முதலில் தண்ணீர் இல்லாமல் மத்தால் இரண்டு நிமிடம் கடைந்து கட்டிகளை உடையுங்கள். ஒரு தம்ளர் மண்பானைத் தண்ணீர் சேர்த்து, வெண்ணெய் மேலே திரளும்வரை கடைந்து அதை எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் வெண்ணெய் திரளாமல் எண்ணெய்ப் பசையாக மிதக்கும். பிறகு இன்னும் இரண்டு தம்ளர் தண்ணீர். மிக்ஸியில் அடிப்பதானால் பத்துப் பத்து விநாடியாக விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் மோர் சூடேறும். 'மோர் பெருக்கி' என்று சித்த மருத்துவம் சொல்வதும் இப்படித் தண்ணீர் விட்டுப் பெருக்குவதைத்தான்.

மதியச் சாப்பாட்டின் முடிவில் ஒரு தம்ளர் போதும். வாயு, வயிற்று உப்புசம் உள்ளவர்களுக்குச் சற்றுப் புளித்த மோரில் இந்துப்பு. பித்தம் மிகுந்தவர்களுக்குப் புளிக்காத மோரில் அரை ஸ்பூன் சர்க்கரை. கபம் உள்ளவர்களுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சமமாகப் பொடித்து இரண்டு சிட்டிகை. கடைசியில் வாழைப்பழம் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். தயிரோடும் மோரோடும் வாழைப்பழம் சேர்வதை விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று ஒவ்வாத உணவு என்றே நூல்கள் சொல்கின்றன.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்று: வெயில் காலத்தில் மோர் கொடுக்காதே என்கிறது இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை. புண்பட்டவர்கள், மிகவும் பலவீனமானவர்கள், மயக்கம், தலைசுற்றல், எரிச்சல், ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் கூடாது. அப்படியானால் சித்திரை வெயிலில் நாம் குடிக்கும் நீர்மோர்? ஏட்டை எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் சேர்த்த மோர் குளிர்ச்சியானது, களைப்பையும் தாகத்தையும் போக்கும் என்று பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் தனியாகவே பிரித்துச் சொல்கிறது. எனவே கோடையில் ஒரு பங்கு தயிருக்கு ஆறேழு பங்கு தண்ணீர் விடலாம், அன்று உறைந்த தயிராக இருக்க வேண்டும். முந்தாநாள் தயிரைத் தீர்ப்பதற்காக நீர்மோர் கலக்காதீர்கள். அந்தப் புளிப்புதான் நெஞ்செரிச்சலைக் கிளப்பும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பையும் மோர்மிளகாயையும் விட்டுவிட்டு, சீரகப்பொடியும் கறிவேப்பிலையும் போட்டுக் குடிக்கலாம்.

வாத, கப மூலநோய்க்கு மோரைவிட மேலான மருந்து இல்லை என்று சரகர் சொல்வது உண்மை. அதை நம்பி, மலத்தில் ரத்தம் போகும்போதும் மோரையே குடித்துக்கொண்டு நாள் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ரத்தம் மூலத்திலிருந்துதான் வருகிறதா, குடலில் வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் மோர் வேண்டுமா என்ற பேச்சே.