இன்டர்னல் மார்க் போடுபவரிடம் யார் மனம் திறப்பார்கள்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து பி.எட். மாணவர்களோடு ஆலோசகராகப் பேசிவருகிறேன். கல்லூரியில் ‘வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனை மையம்’ என்று பலகை இருக்கும். பொறுப்பாளர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் இன்டர்னல் மார்க் போடும் அதே பேராசிரியர்தான். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். “கிளாஸ்ல நிக்கவே பயமா இருக்கு மேடம்” என்று அவரிடமே போய் எந்த மாணவி சொல்வார்?

நேரமும் இடிக்கிறது. சேர்ந்த புதிதில் ஒரு சிறப்புரை, பொன்னாடை, குரூப் போட்டோ. அதோடு சரி. பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. சிக்கலெல்லாம் தலைதூக்குவது அப்போதுதான். அந்த நேரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பக்கமே வருவதில்லை.

‘மன உளைச்சல்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் என்னிடம் வருவதில்லை. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு மாணவி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பற்றிக் கேட்கத்தான் வந்தார். 150 கேள்விக்கும் நேரம் போதுமா என்று கேட்டபடியே லெசன் பிளான் நோட்டின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் கைடு டீச்சரின் (பயிற்சிப் பள்ளியில் இவரை மேற்பார்க்கும் ஆசிரியர்) கையெழுத்து இல்லை. எட்டாம் வகுப்புப் பையன்கள் கூச்சல் போட்ட அன்று, அவர்கள் எதிரிலேயே கைடு டீச்சர் இவரைத் திட்டியிருக்கிறார். அதன்பின் நோட்டை நீட்டவே கூச்சம். வீட்டில் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஃபீஸுக்கு வாங்கிய கடனே தீரவில்லை, அதற்குள் சார்ட், ரெக்கார்டு செலவு வேறு. மாணவியின் சம்மதத்தோடு பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் பேசி, கையெழுத்துக்கு வேறொரு ஆசிரியரை ஏற்பாடு செய்தோம். முதல் உதவி அவ்வளவுதான். தூக்கம், பயம் பற்றியெல்லாம் அப்புறம்தான் பேச முடிந்தது.

இன்னொன்று. பிள்ளைகள் பயிற்சி மாணவிகளிடம் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். வீட்டில் ஒருவர் தப்பாக நடந்துகொள்வதாக ஒரு குழந்தை சொல்லும். பயிற்சி மாணவியும் “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்துவிட்டு வந்து முழிப்பார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரியவந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். பள்ளிக்கு அனுப்பும் முன்பே இதைச் சொல்லித் தராத கல்லூரி, அந்தப் பெண்ணைத் தனியாக மாட்டிவிடுகிறது என்றுதான் சொல்வேன்.

வெளியிலிருந்து ஆலோசகர் வைக்கக் காசில்லை என்பார்கள். சரி, பக்கத்துக் கல்லூரியோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர்களிடம் அங்குள்ள பேராசிரியர் பேசட்டும், அவர்கள் மாணவர்களிடம் நீங்கள் பேசுங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் சனிக்கிழமை வைத்தால் வர வசதி. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பேசியது முதல்வர் மேசைக்குப் போகக்கூடாது. நடுராத்திரியில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிட லெசன் பிளான் நோட்டின் உள்ளட்டையில் அச்சடித்துக் கொடுங்கள். நாலு பேர் பார்க்க போர்டு முன்னால் நின்று யாரும் அதைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.