மின்தடையே இல்லாத மோட்டார் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர், கடுங்குளிரில் மின்தடையை இழக்கும் பொருள்) கொண்டு மோட்டார் சுருள் சுற்றுகிற வேலை என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்பது இதைத்தான்: அதில் மின்தடையே கிடையாதாமே, நம்ம பம்புசெட்டுக்கு ஒன்று போட்டால் என்ன? இப்போது சிறு தொழில் நடத்துகிறவர்கள்கூடத் திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் பெயர். 'உயர் வெப்பநிலை மீக்கடத்தி' என்றால் சூடானது என்று நினைக்க வேண்டாம். 1987-ல் கண்டுபிடித்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு சுமார் 93 கெல்வினில், அதாவது மைனஸ் 180 டிகிரியில், மீக்கடத்தியாகும், அதனால் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனே போதும். பழைய கம்பிகளுக்குத் திரவ ஹீலியம் வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் 'உயர்'. ஆனால் மோட்டாருக்குள் காந்தப்புலம் பலமாக இருக்கும், அங்கே போதிய ஆம்பியர் கிடைக்கப் பெரும்பாலும் 30 கெல்வின் (மைனஸ் 243 டிகிரி) வரை இறக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குளிரைத் தரும் கூலர் ஒன்றே பல கிலோவாட் இழுக்கும். 5 குதிரைத்திறன் பம்பு தருவது மொத்தமே 3.7 கிலோவாட், நல்ல மோட்டாரில் வீணாவது அரை கிலோவாட் அளவுதான். கணக்கு எங்கே ஒத்துவரும்? ஐந்து நட்சத்திர பம்புசெட் வாங்குங்கள், அது போதும்.

தவிர, தடை பூஜ்யம் என்பது நேர்மின்னோட்டத்துக்கு மட்டும். மாறுமின்னோட்டம் பாய்ந்தால் இதிலும் சூடு உண்டாகும், அந்தக் கடுங்குளிரிலிருந்து ஒரு வாட் சூட்டை வெளியேற்ற இங்கே பல பத்து வாட் செலவாகும். அதனால் பெரும்பாலும் நேர்மின்னோட்டம் பாயும் ரோட்டாரில் (சுழலும் பாகம்) மட்டுமே மீக்கடத்தி, மாறுமின்னோட்டம் பாயும் ஸ்டேட்டாரில் (சுழலாத பாகம்) பழைய செம்புதான்.

அப்புறம் எதற்கு இது? எடைக்காக. அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்து 2009 ஜனவரியில் பிலடெல்பியாவில் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்த 36.5 மெகாவாட் மோட்டார், வழக்கமானதில் பாதி அளவுகூட இல்லை. கப்பலின் எடையில் கிட்டத்தட்ட 200 டன் குறையும் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஒரு சதவீதம் மிச்சமானாலே 365 கிலோவாட், கூலர் செலவு அதில் அடங்கிவிடும். கோபுர உச்சியில் ஏற்ற வேண்டிய காற்றாலை ஜெனரேட்டருக்கும் இதே நியாயம்தான்: டென்மார்க்கின் மேற்குக் கடலோரத்தில் எக்கோஸ்விங் திட்டத்தின் 3.6 மெகாவாட் இயந்திரம் 2018 கடைசியில் ஓடத் தொடங்கி 650 மணி நேரத்துக்கு மேல் கிரிட்டுக்கு மின்சாரம் கொடுத்தது.

எங்களுக்கு அடி விழுந்தது சுருளில். இந்த மீக்கடத்தி மெல்லிய டேப்பாகத்தான் வரும், அதைத்தான் சுற்றுகிறோம். டேப்பின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், அதில் மீக்கடத்தி அடுக்கு ஓரிரு மைக்ரான்தான். நீளவாக்கில் இழுத்தால் எஃகு மாதிரி நிற்கும், அடுக்கைப் பிரிக்கிற திசையில் சின்ன இழுப்புக்கே உரிந்துவிடும். இது தெரியாமல் எபாக்சி பிசின் ஊற்றிக் கெட்டியாக்கிய எங்கள் முதல் சுருள், நைட்ரஜனில் இறக்கியதும், வெறும் டேப் தாங்கிய ஆம்பியரில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. எபாக்சி டேப்பைவிட அதிகம் சுருங்கி அடுக்கைப் பிய்த்திருந்தது, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. மெழுகுக்கு மாறிய பிறகுதான் சரியானது.

அதனால் யாராவது சுருளைக் காட்டி முதலீடு கேட்டால், எத்தனை முறை குளிர்வித்து மறுபடி அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை ஆம்பியர் தாங்கியது என்று எழுத்தில் கேளுங்கள். திறன் 98 சதவீதம் என்றால், கூலர் இழுத்த மின்சாரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்றும்.