அவுட்போர்டு கியரை மெதுவாகப் போடாதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் முன் கியர் போட்டால் கடகடவென்று சத்தம், அப்புறம்தான் விழுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கழன்றுவிடுகிறது. கியர்கள் இருக்கும் அடிப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், கியரோடு மாட்டிக்கொள்கிற பல் வைத்த துண்டான கிளட்ச் டாக்கின் முனைகள் எல்லாம் உருண்டு கிடக்கின்றன. அதிகம் ஓடாத எஞ்சின். ஓட்டுகிற தம்பியிடம் கேட்டேன். "நாங்க முரட்டுத்தனமாப் போட்டதே இல்லண்ணே, ரொம்ப மெதுவாத்தான் கியர் போடுவோம்" என்றார்.

மெதுவாகப் போட்டதுதான் காரணம். எத்தனை முறை சொன்னாலும் கடற்கரையில் இந்த நம்பிக்கை மட்டும் மாற மாட்டேன் என்கிறது.

கார், லாரியில் கியர் மாற்றும்போது கிளட்சை மிதிக்கிறோம். உள்ளே இரண்டு பக்கத்துச் சுற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வளையம் வேறு இருக்கிறது. அவுட்போர்டில் இந்த இரண்டும் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை முன் கியரும் ரிவர்ஸ் கியரும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மேல் இருக்கிற கிளட்ச் டாக், முன்னால் நகர்ந்து முன் கியரின் பல்லிலோ, பின்னால் நகர்ந்து ரிவர்ஸின் பல்லிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் கியர் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில் சுற்றும், அதாவது வினாடிக்கு ஏழெட்டுச் சுற்று. நீங்கள் லிவரைப் பாதியில் பிடித்துக்கொண்டு நைசாக நகர்த்தினால், பல்லின் நுனியும் நுனியும் ஒவ்வொரு சுற்றிலும் மோதிக்கொண்டே இருக்கும். அந்தக் கடகட சத்தம் பல் தேய்கிற சத்தம். முனை உருண்ட பிறகு பல் பிடித்து நிற்காது, பாரம் ஏறியதும் வழுக்கி வெளியே வரும். அதற்குப் பிறகு கேபிளை எவ்வளவு டியூன் செய்தாலும் பயனில்லை. டாக்கை மாற்றியே ஆக வேண்டும். பல சமயம் முன் கியரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

எனவே ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு, ஒரே இழுப்பில் போடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் சரியாக விழுந்தது என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சத்தத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் பல்லைத் தேய்க்கிறார்கள்.

ஐடில் என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் பிளக்கில் கரி பிடித்து ஐடிலில் நின்று நின்று போகும். பிளக்கைத் துடைக்காமல் ஐடில் ஸ்குரூவை ஏற்றிவிடுகிறார்கள். எஞ்சின் நிற்காது, சரி. ஆனால் அந்த வேகத்தில் கியர் போட்டால் எப்படிப் போட்டாலும் டாக் அடிவாங்கும். பிளக்கைச் சுத்தம் செய்யுங்கள், கார்புரேட்டரைப் பாருங்கள், ஐடிலைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறக்குங்கள்.

கியர் தகராறு என்று வருவதில் பாதி, கியரிலேயே இருக்காது. ஸ்டியரிங் வைத்த படகில் லிவர் கடினமாக இருந்தால் முதலில் கேபிளை எஞ்சின் பக்கத்தில் கழற்றி, அங்கே கையால் நகர்த்திப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ கண்ட்ரோல் பெட்டியிலோ இருக்கிறது. உப்பு ஏறி உறைந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு நாள் ஓட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்னொன்று, எஞ்சின் நிற்கும்போது லிவரைப் பலமாக அழுத்தாதீர்கள். பல்லுக்கு நேராகப் பல் நின்றால் கியர் விழாது. யாராவது புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினால் விழுந்துவிடும். பலத்தைக் காட்டினால் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ராடு வளையும்.

தண்ணீர் பம்ப் இம்பெல்லரை மாற்றிய மறுநாளே கியர் சரியாக விழவில்லையா? அதற்காகக் கழற்றிய அடிப்பெட்டியைத் திரும்ப மாட்டும்போது மேலே ஒரு கியரிலும் கீழே ஒரு கியரிலும் இருந்திருக்கும். மாட்டியவரிடமே கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள், அது அவர் வேலை.

எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை, ஆனால் அடிக்கும் சத்தம் எதுவும் இல்லை என்றால் புரொப்பெல்லரின் உள் குழாய்க்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். உள் குழாயிலிருந்து வெளிப்பக்கம் வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கியரைப் பிரிக்கத் தேவையே இல்லை. ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் தூக்கிக்கொண்டு மேலே வந்தாலும் கியர்மேல் பழி போடாதீர்கள், எஞ்சின் எழாமல் பிடிக்கிற ரிவர்ஸ் லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும் படகை நிறுத்த முன் கியரிலிருந்து நேராக ரிவர்ஸுக்கு இழுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். நியூட்ரலில் வைத்து வேகம் அடங்க விட்டு, அப்புறம் போடுங்கள்.

கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எரிபொருளில் கலந்தது போக மிச்சமிருக்கிற டூ-டி ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழிந்த பிறகு மேல் ஸ்குரூவை முதலில் மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்று ஆயில் குறையும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நம் கரையில் சீல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஷாஃப்டில் சுற்றிய மீன்பிடி நரம்புதான். அவ்வப்போது புரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றுமுன் நியூட்ரலில் வைத்து, ஸ்டாப் சுவிட்ச் கயிற்றை உருவி, பிளக் வயர்களைப் பிடுங்கிவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் காட்டாதீர்கள் தம்பிமாரே, போவது விரல்.

ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவரும்போது பழைய ஆயிலை வடித்துவிட்டு வராதீர்கள். ஆயில் வடிக்கும் ஓட்டையின் காந்த ஸ்குரூவில் ஒட்டியிருப்பது மை மாதிரி பொடியா, சில்லு சில்லாக இரும்பா என்று பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு சேதம் என்று பிரிக்கும் முன்பே என்னால் சொல்ல முடியும்.